ஆபரேஷனுக்கு முன் நான் கேட்காமல் விட்ட கேள்வி

போன மாதம் ஒரு மத்தியானம் ஜெனிபா போன் செய்தாள். திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் முப்பத்து மூன்று வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்.

"அக்கா, இனிமே நமக்கு வாய் வலிக்காது. பலகை மாதிரி ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருக்காவ. மார்பு ஆபரேஷனுக்கு வாறவங்க அதுல வாற கேள்விக்கு ஆமா, இல்லன்னு தொட்டாப் போதும். மொத்தம் நாப்பத்திரண்டு கேள்வி. எதாவது விட்டுப் போயிருக்கான்னு உங்ககிட்ட கேக்கச் சொன்னாவ" என்றாள்.

ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னேன். நான் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே கேட்டேன். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஏற்கெனவே செய்த ஆபரேஷன், பிளாஸ்திரி ஒட்டினால் அரிக்குமா என்பது வரை எல்லாம் இருந்தது. ஒன்றுதான் இல்லை.

"வீட்டுல என்ன சொல்லிட்டு வந்தீங்கன்னு ஒரு கேள்வி போடு" என்றேன்.

ஜெனிபா சிரித்துவிட்டாள். "அதுக்கு ஆமா, இல்லன்னு பதில் வராதே அக்கா. அதுவும் இது மருத்துவக் கேள்வியா?"

எனக்கு முணுக்கென்று கோபம் வந்தது. போனில் விளக்கினால் கீரை வாடிவிடும் என்பதால் எழுதுகிறேன்.

நான் கடற்கரை ஊர்க்காரி. அப்பா கடலுக்குப் போனவர். நர்ஸ் படிப்பைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று வருடமும் படுக்கை விரிப்பின் மூலையை மடிப்பதிலேயே போனது என்றுதான் எனக்கு ஞாபகம். வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் பிரிவுக்கு வருபவர்கள் எல்லாம் ஸ்டவ் வெடித்தவர்கள், கதிரடிக்கும் இயந்திரத்தில் விரலைக் கொடுத்தவர்கள். பிரிவின் பெயரைக் கேட்டுவிட்டு, உள்ளே நிஜமாகவே பிளாஸ்டிக் வைப்பார்கள் என்று நம்பியவர்கள் நிறைய. ஒரு பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கூடக் கொஞ்சம் கொடுத்தால் எவர்சில்வரில் வைக்க முடியுமா என்று கேட்டார்.

என் வேலையின் கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருடங்களில்தான், தளர்ந்த மார்பைத் தூக்கி நிறுத்தும் ஆபரேஷனுக்குப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு வருவார்கள். எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால், "சும்மா வந்தேன்" என்பார்கள். சும்மா வருவதற்கு அது என்ன ஆற்றுப் படித்துறையா?

எங்கள் பெரிய டாக்டர் அவர்களைவிடக் கூச்சக்காரர். கத்தியைப் பிடித்தால் கை நடுங்காது. ஆனால் 'மார்பு' என்ற சொல் அவர் வாயில் வராது. "இந்தப் பகுதி" என்பார். அதையும் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்துத்தான் சொல்வார். முதல் தடவை வருகிறவர்கள் அவர் தேதி பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அறையில் நான் இல்லாமல் ஒரு பெண்ணையும் பரிசோதிக்க மாட்டார். நான் தண்ணீர் குடிக்கப் போயிருந்தால், வரும் வரைக்கும் வெளியே வராந்தாவில் கைகட்டி நிற்பார்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்குக் கூச்சம் கிடையாது. அது தழும்பு. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, சிவப்புப் பேனாவால் இரண்டு மார்பையும் வரைந்து, தழும்பு எங்கெங்கே வரும் என்று கோடு போட்டுக் காட்டுவார். தளர்ச்சி கொஞ்சமாக இருந்தால் காம்பின் கருவட்டத்தைச் சுற்றி ஒரு வளையம். கூட இருந்தால் வளையத்திலிருந்து கீழே ஒரு கோடு. ரொம்ப இருந்தால் அடியில் வளைவாக இன்னொரு கோடு. மூன்றும் சேர்ந்தால் அசல் நங்கூரம்தான். "சிஸ்டர் கடற்கரைக்காரங்க, அவங்ககிட்டயே கேட்டுக்கோங்க" என்பார். நானும் பரம்பரைத் தொழில் மாதிரி ஆமோதிப்பேன்.

பிறகு அந்தத் தாளை நோயாளி கையில் கொடுத்து, "ஒரு வாரம் வீட்டுல வச்சு தினமும் பாருங்க. இந்தக் கோடு மங்கும், ஆனா போகாது. பாத்துப் பாத்தும் சம்மதம்னா வாங்க" என்பார். பாதிப்பேர் திரும்பி வரவில்லை. அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

மற்றதெல்லாம் என் பொறுப்பு. இனிமேல் பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் இப்போது வேண்டாம், பெற்று, பால் கொடுத்து முடித்துவிட்டு வாருங்கள் என்பேன். இதைச் செய்தபின் பால் குறையலாம். காம்பில் உணர்ச்சி மாறலாம், சிலருக்கு மரத்தே போகலாம். இது தூக்குவதற்குத்தான், அளவைப் பெரிதாக்குவதற்கு அல்ல. எடை ஒரு நிலையில் நின்ற பிறகுதான் செய்ய வேண்டும். மேமோகிராம் எடுத்து, உள்ளே கட்டி கிட்டி இல்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். முடிந்தபின் மல்லாந்துதான் படுக்க வேண்டும். ஆறு வாரம் தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, கை உயர்த்திக் கொடியில் துணி காயப்போடக் கூடாது. இதையெல்லாம் செய்தாலும் வருடங்கள் போகப் போக மறுபடியும் கொஞ்சம் தளரத்தான் செய்யும். ஆபரேஷன் செய்தோம் என்பதற்காக வயது நம்மை விட்டுவிடாது.

கேள்விகளைக் கேட்பதிலும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். நாங்குநேரிப் பக்கத்து டீச்சர் ஒருவரிடம் புகைபிடிக்கும் பழக்கம் உண்டா என்று தாளில் இருந்தபடியே கேட்டுவிட்டேன். அவர் எழுந்து நின்று, "என்னப் பாத்தா பீடி குடிக்கிறவ மாதிரியா இருக்கு?" என்று சண்டைக்கு வந்தார். சத்தம் போட்ட வேகத்தில் கைப்பை சரிந்து, உள்ளேயிருந்து வெற்றிலையும் ஒரு பொட்டலம் புகையிலையும் விழுந்தன. புகைத்தாலும் மென்றாலும் புகையிலை ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், தையல் ஆறாது, காம்பே கருத்துப் போகலாம் என்று விளக்கி, பல வாரம் அதை அறவே விட வைத்த பிறகுதான் டாக்டர் கத்தியைத் தொட்டார். மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றால் இல்லை என்பார்கள். நாட்டு மருந்து என்றால் மூன்று டப்பா வெளியே வரும். இப்படி ஒவ்வொன்றாக அடிபட்டுத்தான் என் கேள்விகள் சரியாயின. கடைசிக் கேள்வி வடிவால் வந்தது.

வடிவு என்பது நான் வைத்த பெயர். நாற்பத்தாறு வயது, தச்சநல்லூர்க்காரி. வீட்டுக்காரர் பலசரக்குக் கடை வைத்திருந்தார், அண்ணாச்சி என்றே சொல்லிவிடுகிறேன். சர்க்கரை வரும் என்று யாரோ பயமுறுத்தியதில் காலையும் மாலையும் நடந்து இருபத்திரண்டு கிலோ குறைத்திருந்தாள்.

"உடம்பு குறைஞ்சது சந்தோஷம் சிஸ்டர். இது ரெண்டும் மட்டும் என்கூட வரமாட்டேன்னு கீழேயே நின்னுட்டு" என்றாள். பிறகு நான் கேட்காமலே, "ஆமா, ஆசைக்குத்தான் வந்திருக்கேன். நாப்பத்தாறு வயசுல எனக்குன்னு ஒண்ணு ஆசப்பட்டா தப்பா?" என்றாள். அந்த நிமிடமே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

"ஒண்ணே ஒண்ணு. எங்க மைனிக்குத் தெரியக் கூடாது."

மைனி என்பது அண்ணாச்சியின் அக்கா. சாத்தான்குளத்தில் இருந்தார். வடிவு முதன்முதலாக நைட்டி போட்டதை மூன்று வருடம் பேசியவராம். "எம் மகளுக்கு அவிய மூலமாத்தான் மாப்பிள்ள பாக்குதோம். இது தெரிஞ்சா அங்கன ஒரு கல்யாணம், ஒரு சடங்குக்குத் தல காட்ட முடியாது. மக வாழ்க்கையும் போயிரும்" என்று சொல்லும்போது அவள் விரல்கள் முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தன. அது விளையாட்டுப் பயம் இல்லை.

"எங்க வாயில இருந்து ஒரு வார்த்தை வராது" என்று நான் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். அவள் வீட்டில் என்ன சொல்லிவிட்டு வருவாள் என்று கேட்கவில்லை. அது அவள் சொந்த விஷயம் என்று நினைத்தேன். முப்பது வருடம் இந்த ஊரில் இருந்தும் எனக்கு அந்தக் கூறு இல்லாமல் போனது.

ஒரு வாரம் கழித்து வந்தாள். தாளைப் பார்த்தாளா என்று டாக்டர் காலண்டரிடம் கேட்டார். "தெனமும் பாத்தேன் சார். பீரோவுல சேலைக்கு அடியில பத்திரமா வச்சிருக்கேன்" என்றாள்.

ஆபரேஷன் அன்று காலை கோடு போடும் சடங்கு. நோயாளியை நிற்க வைத்து, டாக்டர் முக்காலியில் உட்கார்ந்து, கழுத்துக் குழியிலிருந்து டேப்பால் அளந்து, உடம்பிலேயே பேனாவால் குறிப்பார். "படுத்துட்டா எல்லாருக்கும் இருவது வயசு, சிஸ்டர். நிக்கும்போதுதான் உண்மை தெரியும்" என்பார். அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரமும் நோயாளி டாக்டரைப் பார்க்க மாட்டாள், டாக்டர் நோயாளியின் முகத்தைப் பார்க்க மாட்டார், இரண்டு பேரும் காலண்டரைப் பார்ப்பார்கள். வடிவுக்கு நங்கூரம்தான் போட வேண்டியிருந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

மறுநாள் சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் வாட்ச்மேன் போன் செய்தார்.

"சிஸ்டர், பன்னெண்டாம் நம்பரப் பாக்க ஒரு வேன் வந்திருக்கு."

"வேன்ல யாரு வந்திருக்கா?"

"யாருன்னு எப்படிச் சொல்ல? வேன் நெறைய வந்திருக்காவ."

நடந்தது இதுதான். புறப்படும்போது பக்கத்து வீட்டுக்காரி எங்கே என்று கேட்க, வடிவு, "மார்புல சின்னக் கட்டி, எடுக்கப் போறேன்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறாள். தச்சநல்லூரில் நெல்லிக்காய் அளவில் கிளம்பிய கட்டி, சாத்தான்குளத்துக்குப் போன் வழியாகப் போய்ச் சேரும்போது நுங்கு அளவுக்கு வளர்ந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் போய்ப் பார்க்காதவர் மனுஷர் இல்லை. கட்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

பதினாறு பேர். திருச்செந்தூர் விபூதி, ஹார்லிக்ஸ், கருப்பட்டி, ஒரு கூடை நாட்டுக்கோழி முட்டை. ஒரு மாமா, வடிவு பிழைத்தால் மொட்டை போடுவதாக வேண்டியிருப்பதாகச் சொல்லி அழுதார். அவர் தலையில் எடுக்க ஒன்றும் இல்லாததைப் பார்த்தும் நான் சிரிக்கவில்லை. படியிலேயே இரண்டு பெண்கள் ஒப்பாரிக்குத் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள்.

இரண்டிரண்டு பேராகத்தான் விடுவேன் என்று வாசலில் நின்றேன். முதலில் தம்பியான அண்ணாச்சியையும் இழுத்துக்கொண்டு மைனி வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வைரமாய் இறுகிய உடம்பு, பெரிய பொட்டு. கையில் ஒரு துணிப்பை. "வாற வழியில தச்சநல்லூர் வீட்டுக்குப் போயி மாத்துச் சேல எடுத்துட்டு வந்திருக்கேன்" என்று என்னிடம் நீட்டினார்.

வடிவு கழுத்து வரை போர்த்திக்கொண்டு மல்லாந்து கிடந்தாள். மைனி கட்டில் அருகே நின்று நிதானமாகக் கேட்டார். "ஏளா வடிவு, எந்தப் பக்கம் கட்டி?"

"வலது" என்றாள் வடிவு.

"எடது" என்றார் அண்ணாச்சி.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. பொய் சொல்வதென்று முடிவு செய்தவர்கள் ஒரு தடவை ஒத்திகை பார்த்திருக்க வேண்டாமா? அண்ணாச்சியின் முகத்தில் எண்ணெய் வடிந்தது. நான் இடையில் புகுந்து, "ரெண்டு பக்கமும் சேத்துத்தான் கட்டுப் போட்டிருக்கு. அவங்க பேசக் கூடாது, தையல் இழுக்கும்" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

மைனி தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி" என்றார். வெளியே போய், "எல்லாம் நல்லாயிட்டு. யாரும் உள்ள போவாதிய, போயி காப்பி குடிங்க" என்று பதினைந்து பேரையும் ஒரே அதட்டலில் கேன்டீனுக்கு அனுப்பினார். நான் முப்பது வருடமாக முயன்றும் அப்படி ஒரு அதட்டல் எனக்கு வரவில்லை.

தப்பித்தோம் என்று டிரெஸ்ஸிங் அறைக்குள் போய் மூச்சு விட்டேன். பின்னாலேயே மைனி வந்து கதவைச் சாத்தினார். செத்தோம் என்று நினைத்தேன்.

"சிஸ்டர், ஒண்ணு கேக்கணும். எங்க ஊருல ஒரு பொம்பளைக்கு இப்படித்தான் ஒரு கட்டி இருக்கு."

"கூட்டிட்டு வாங்க, பாப்போம்."

"அவ வரமாட்டா. வெக்கப்படுதா."

"எத்தன நாளா இருக்கு?"

"ஆடியில கையில தட்டிச்சு." அப்போது மாசி. மைனி சுவரில் காலண்டரைத் தேடினார். அந்த அறையில் காலண்டர் இல்லை. "வலிக்கல. அதனால ஒண்ணும் இருக்காதுன்னு..." என்று நிறுத்தி, "நாந்தான்" என்றார்.

வலியில்லாத கட்டியைத்தான் உடனே காட்ட வேண்டும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். இத்தனை அதிகாரமான ஒரு பெண், ஏழு மாதம் இதை ரவிக்கைக்குள் ஒளித்துக்கொண்டு அலைந்திருக்கிறார். அவர் கையைப் பிடித்தேன். சில்லென்றிருந்தது.

"இன்னைக்கே பாத்துருவோம்."

"வேன் காத்துக்கிட்டு நிக்கி சிஸ்டர்."

"நிக்கட்டும்."

கீழே பெண் டாக்டரிடம் அழைத்துப்போனேன். மேமோகிராம் இயந்திரத்தைப் பார்த்ததும், "இது முறுக்குப் பிழியுத உரலுல்லா" என்றார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்தது. வடிவுக்குத் தெரியக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கினார். மேலே வந்தால் வடிவு, "மைனிக்கு ஒண்ணும் தெரிஞ்சிரலயே?" என்று கேட்டாள். பன்னிரண்டாம் நம்பருக்கும் ஸ்கேன் அறைக்கும் நடுவே இரண்டு ரகசியத்தைச் சுமந்து நான் ஏறி இறங்கினேன். கேன்டீனில் அதற்குள் வடை தீர்ந்துபோயிருந்தது.

ஊசி போட்டு எடுத்த சதையின் முடிவு நான்காம் நாள் வந்தது. புற்றுதான். ஆரம்ப நிலையில்தான் இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்றார் பெண் டாக்டர்.

மைனியே வடிவிடம் சொன்னார். அதன் பிறகு கட்டியை எடுத்து, கதிர்வீச்சு கொடுத்து முடியும் வரை வடிவு வீட்டில்தான் இருந்தார். வடிவு குடம் தூக்க முடியாதவள், மைனி கை உயர்த்த முடியாதவர். அண்ணாச்சிதான் தண்ணீர் பிடித்து, துணி துவைத்து, கொடியில் காயப்போட்டாராம். தெருவே வேடிக்கை பார்த்திருக்கிறது. எனக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம்.

ஒன்றரை வருடம் கழித்து இரண்டு பேரும் எங்கள் பிரிவுக்கே வந்தார்கள். இந்தத் தடவை நோயாளி மைனி, துணைக்கு வந்தவள் வடிவு. கட்டி எடுத்த பக்கம் சிறுத்து மேலே ஏறி நின்றது, மறுபக்கம் வயதுக்கேற்பத் தொங்கியது. ஏறுமாறாக இருக்கிறது, ரவிக்கை தைக்க முடியவில்லை, இதை மட்டும் தூக்கிச் சமமாக்க முடியுமா என்று கேட்டார். புற்று டாக்டரும் சம்மதம் எழுதிக் கொடுத்திருந்தார்.

டாக்டர் காலண்டரைப் பார்த்து முடியும் என்று சொல்லிவிட்டு, சிவப்புப் பேனாவை எடுத்து ஒரு பக்கம் மட்டும் நங்கூரம் வரைந்தார். மைனி அதை வாங்கித் தூரத்தில் வைத்துப் பார்த்தார்.

"இந்தப் படத்த நான் ஏற்கெனவே பாத்திருக்கேன்லா."

வடிவு திடுக்கிட்டாள். "எங்க மைனி?"

"ஒன் பீரோவுல. மாத்துச் சேல எடுக்கப் போனப்ப. ஒரு கட்டி எடுக்க ரெண்டு பக்கமும் எதுக்குளா கோடு?"

அன்று கட்டிலருகே நின்று எந்தப் பக்கம் என்று கேட்டபோதே அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

"தெரிஞ்சுமா ஒரு வார்த்த கேக்கல?" என்றாள் வடிவு.

"முதல்ல கோவந்தான் வந்துச்சு. நாக்கப் பிடுங்குத மாதிரி கேக்கணும்னுதான் திரும்ப வேன்ல ஏறுனேன். ஏறி உக்காந்து யோசிச்சுப் பாத்தேன். ஒண்ணும் இல்லாதவளுக்கு டாக்டர் முன்னால நிக்க தைரியம் இருக்கு, உள்ளத வச்சுக்கிட்டு நான் ஒளிஞ்சு திரியுதேன். அப்புறம் ஒன்ன என்னத்தக் கேக்க?"

வடிவு மைனியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். ஒன்றரை வருடத்தில் ஒரு வார்த்தை சாத்தான்குளத்தில் கசியவில்லை. மகள் கல்யாணமும் மைனி பார்த்த மாப்பிள்ளையோடுதான் நடந்தது. டாக்டர் காலண்டரில் அடுத்த மாதத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணைத் துடைக்க அவருக்கு அதுதான் வழி.

நான் என் கேள்விகளைத் தொடங்கினேன். புகையிலை, மாத்திரை, நாட்டு மருந்து, எல்லாம் கேட்டு முடித்து, கடைசிக் கேள்விக்கு வந்தேன்.

"வீட்டுல என்ன சொல்லிட்டு வந்தீங்க?"

"ஒண்ணு ஏறி நிக்கி, ஒண்ணு எறங்கி நிக்கி, தூக்கி வைக்கப் போறேன்னு தெருவுல எல்லாருகிட்டயும் உள்ளபடியே சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்றார் மைனி. "கட்டின்னு சொன்னா வேன் வந்துரும்லா."